ஆளைத் தேர்வதும் ஆளாக்குவதும்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் வேலை தேடுவோருக்கு

2024 நவம்பரில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் தன் கால்பந்து அணிக்கு முன்னாள் ஆட்டக்காரர் ஆண்ட்ரூ லக்கைப் பொது மேலாளராக நியமித்தது. அடுத்த மாதம் வட கரோலினா பல்கலைக்கழகம் பில் பெலிச்சிக்கைத் தலைமைப் பயிற்சியாளராக்கியபோது, கூடவே மைக்கேல் லொம்பார்டியும் பொது மேலாளராக வந்து சேர்ந்தார். 2025 பிப்ரவரியில் ஓக்லஹோமா, சீனியர் பவுல் ஆட்டத்தை நடத்திவந்த ஜிம் நேகியை அதே பதவிக்கு அழைத்துக்கொண்டது. இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு விளையாட்டு நிர்வாகம் படிக்கக் கிளம்புகிறவர்கள் அந்த நாற்காலியையே குறிவைக்கிறார்கள். அதற்கு ஐந்தாறு படி கீழே, காணொளி பார்த்துக் குறிப்பெழுதும் மேசையிலும் பளு தூக்கும் கூடத்திலும் தொடங்கும் வேலைகளைப் பற்றியது இந்த அத்தியாயம். ஆள்சேர்ப்பு, ஸ்கவுட்டிங், ஆட்டக்காரர் மேம்பாடு என்று வேலை விளம்பரங்கள் மூன்றாகப் பிரித்தாலும், மூன்றும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன: இன்று பதினேழு வயதில் இருக்கும் இந்தப் பையன் இருபத்தொன்றில் என்னவாக இருப்பான்? ஸ்கவுட் அதை ஊகிக்கிறார். ஆள்சேர்ப்பவர் பையனை அழைத்து வருகிறார். உடல்வலுப் பயிற்சியாளர் அந்த ஊகத்தை மெய்யாக்கப் பார்க்கிறார். ஆகவே இங்கே நுழைய விரும்புபவர் முதலில் சேர்க்க வேண்டிய சொத்து, பின்னாளில் யாரும் சரிபார்க்கக்கூடிய வகையில் தேதியிட்டு எழுதிவைத்த கணிப்புகள் என்பது என் வாதம். பட்டமும் அறிமுகமும் அதற்குப் பிறகுதான்.

இந்த வேலைகள் எப்படி உருவாயின என்பது தெரிந்தால் வாதம் விளங்கும். நெடுங்காலம் கல்லூரி அணிகளில் ஆள்சேர்ப்பு என்பது துணைப் பயிற்சியாளர்களின் உபரி வேலையாக இருந்தது. பகலில் களத்தில் பயிற்சி, இரவில் பள்ளி மாணவர்களின் வீடுகளுக்குத் தொலைபேசி. 2007இல் அலபாமாவுக்கு வந்த நிக் சேபன் அந்தப் பழக்கத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர். 1990களின் முதற்பாதியில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியில் பெலிச்சிக்கின் கீழ் பணியாற்றியபோது, ஒவ்வொரு ஆட்ட இடத்துக்கும் உயரம், எடை, வேகம் என்று குறைந்தபட்ச அளவு வகுத்துக்கொண்டு ஆள் தேடும் முறையை அவர் கற்றிருந்தார். அதைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து, களத்தில் பயிற்சி தராத, ஆள் மதிப்பிடுவதை மட்டுமே தொழிலாகக் கொண்ட ஊழியர்களை அலுவலகத்தில் அமர்த்தினார். மற்றவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு அதையே செய்தார்கள். 2025 பருவத்தில் மேல்மட்டப் பிரிவான எஃப்.பி.எஸ்.ஸில் 136 அணிகள் இருந்தன. அவற்றில் ஓரளவு வசதியுள்ள எந்த அணியிலும் இன்று ஆட்டக்காரர் தேர்வு இயக்குநர், ஸ்கவுட்டிங் இயக்குநர், வளாக வருகைகளைக் கவனிப்பவர், படம் வடிவமைப்பவர், காணொளி எடுப்பவர் என்று ஒரு சிறு அலுவலகமே இயங்குகிறது.

அந்த அலுவலகத்தின் வேலையைத் தலைகீழாக்கியவை மூன்று விதி மாற்றங்கள். 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பதிவேடு திறக்கப்பட்டது. கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர் அதில் பெயர் கொடுத்தால் எந்த அணியும் அவரை அணுகலாம். முன்பு மாறியவர்கள் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டியிருந்தது. 2021இல் ஒருமுறை மட்டும் அந்தத் தண்டனை நீங்கியது, 2024இல் முழுவதுமாகவே போயிற்று. 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தம் பெயர், முகம் ஆகியவற்றைக் கொண்டு விளம்பரங்களில் சம்பாதிக்கலாம் என்றானது. பிறகு 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தால், பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துத் தரக்கூடிய உச்சவரம்பு ஏறத்தாழ 2.05 கோடி டாலர். கால்பந்தில் 85 பேருக்குத்தான் உதவித்தொகை என்ற பழைய கட்டுப்பாடு நீங்கி, அணியில் மொத்தம் 105 பேருக்கு மேல் கூடாது என்ற புதிய கட்டுப்பாடு வந்தது. பள்ளியிலிருந்து வருபவர், வேறு கல்லூரியிலிருந்து வருபவர், தன்னிடமே இருந்துகொண்டு கூடுதல் பணம் கேட்பவர் என்று மூன்று சந்தைகளை ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டிய நிலை இப்படி வந்ததுதான். பொது மேலாளர் என்ற பதவி பரவியதற்கும் இதுவே காரணம்.

இங்கே முதல் மறுப்பு எழும்: பணமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் மதிப்பிடுபவருக்கு என்ன வேலை, அதிகம் தருபவர் நல்ல ஆளை வாங்கிக்கொண்டு போவாரே? பணம் பெரிய காரணம் என்பதை மறுக்க முடியாது. எவ்வளவு கூர்மையான ஸ்கவுட் இருந்தாலும் வசதியில்லாத அணி ஓகையோ ஸ்டேட்டை ஆண்டுதோறும் எதிர்த்து நிற்காது. ஆனால் உச்சவரம்பு இருக்கும் சந்தையில் தவறான தேர்வின் விலை கூடுகிறது. பழைய முறையில் ஒரு மாணவர் சோபிக்காவிட்டால் வீணாவது ஒரு உதவித்தொகை இடம். இப்போது அதே தவறு, வேறு நல்ல ஆட்டக்காரருக்குக் கொடுத்திருக்கக்கூடிய தொகையையும் 105இல் ஓர் இடத்தையும் சேர்த்து விழுங்குகிறது. இந்தியானா பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். 2023இல் அது 3 ஆட்டங்களில் வென்று 9இல் தோற்ற அணி. அந்தப் பருவம் முடிந்ததும் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்தார். பெரிய அணிகள் பொருட்படுத்தாத தன் பழைய மாணவர்கள் பத்துக்கும் மேற்பட்டோரை உடன் அழைத்து வந்தார். 2024இல் அந்த அணி 11 வெற்றி, 2 தோல்வியுடன் தேசிய பிளேஆஃப் சுற்றை எட்டியது. அந்த மாணவர்களை ஆண்டுக்கணக்கில் அருகிலிருந்து பார்த்திருந்தது அவர் கையிலிருந்த தகவல். அதற்கு மற்ற அணிகள் விலை வைத்திருக்கவில்லை. சிக்னெட்டி 2007 முதல் 2010 வரை அலபாமாவில் சேபனின் ஆள்சேர்ப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்தவர் என்பது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது மறுப்பு நட்சத்திரங்களைப் பற்றியது. ரைவல்ஸ், 247ஸ்போர்ட்ஸ், ஈ.எஸ்.பி.என். போன்ற நிறுவனங்கள் பள்ளி ஆட்டக்காரர்களுக்கு ஐந்து நட்சத்திரம் வரை தரம் போட்டு வெளியிடுகின்றன. எல்லாம் அங்கேயே இருக்கும்போது கல்லூரி எதற்குத் தனி ஸ்கவுட் வைக்க வேண்டும்? இதற்கு விடை சொல்பவர்கள் வழக்கமாக ஒரு தவறான வாதத்தை எடுப்பார்கள். தொழில்முறை அணிகளில் மூன்று நட்சத்திரக்காரர்கள் ஏராளமாக இருக்கிறார்கள், ஆகவே நட்சத்திரம் வெறும் வியாபாரம் என்பார்கள். கணக்கு அப்படியில்லை. ஐந்து நட்சத்திரம் பெறுபவர்கள் ஆண்டுக்கு முப்பது சொச்சம் பேர், மூன்று நட்சத்திரக்காரர்கள் ஆயிரக்கணக்கில். எண்ணிக்கை அவ்வளவு பெரிதாக இருந்தால் அதில் சிறு விகிதம் தேறினாலும் கூட்டமாகத் தெரியும். தலைக்குத் தலை ஒப்பிட்டால் ஐந்து நட்சத்திரக்காரர் தேறும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். நேர்காணலில் இதைத் தவறாகச் சொல்லும் விண்ணப்பதாரரை அனுபவமுள்ள இயக்குநர் அந்த இடத்திலேயே எடைபோட்டுவிடுவார். நட்சத்திரங்கள் பயனற்றுப்போகும் இடம் வேறு. உச்சியில் இருக்கும் சில நூறு பேரைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், அங்கே மதிப்பீட்டைவிட வசீகரமும் பணமும் பேசும். அதற்குக் கீழே, அரையிறுதி வரை போகாத பள்ளிகளிலும் ஊர்ப்புற மாவட்டங்களிலும் இருக்கும் மாணவர்களைத் தரநிறுவனங்கள் அவசரமாகப் பார்க்கின்றன, அல்லது பார்ப்பதே இல்லை. கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற சிற்றூரில் வளர்ந்த ஜாஷ் ஆலனைப் பள்ளி முடிக்கும்போது எந்த மேல்மட்டக் கல்லூரியும் கேட்கவில்லை. ரீட்லி என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடி, வயோமிங் போய், 2018இல் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் ஆண்டுத் தேர்வில் ஏழாவது ஆளாக எடுக்கப்பட்டார். 2025 தேர்வில் முதல் ஆளாகப் போன குவார்ட்டர்பேக் கேம் வார்டும் கீழ்மட்டப் பிரிவிலிருந்த இன்கார்னேட் வேர்ட் கல்லூரியில் தொடங்கியவர்தான். ஒரு ஸ்கவுட்டின் சம்பளத்துக்கு நியாயம் கிடைக்கும் பரப்பு இதுதான்.

அந்தப் பரப்பில் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு மத்திய மிச்சிகன் பல்கலைக்கழகம் நல்ல பாடம். ஆடம்பரமில்லாத அணி அது. ஜோ ஸ்டேலி அங்கே, தடுக்கவும் பந்து பிடிக்கவும் வேண்டிய இடமான டைட் எண்டாகச் சேர்ந்தார். உடல் பெருத்து, தாக்குதல் வரிசையின் ஓர முனையில் நிற்கும் டாக்கிளாக மாறி, 2007 தேர்வின் முதல் சுற்றில் எடுக்கப்பட்டார். பெரிய கல்லூரிகள் சீண்டாத எரிக் ஃபிஷர் அதே கல்லூரியில் டாக்கிளாக வளர்ந்து 2013இல் ஒட்டுமொத்தத் தேர்வின் முதல் ஆளானார். இவ்விருவருக்கும் இடையில் ஜே.ஜே. வாட் அங்கே டைட் எண்டாக இருந்தார். அவரையும் டாக்கிளாக மாற்றலாம் என்று பயிற்சியாளர்கள் நினைத்தார்கள். அவர் உடன்படாமல் உதவித்தொகையைக் கைவிட்டு விஸ்கான்சினில் தற்காப்பு வரிசையில் ஆடப் போனார். 2011இல் முதல் சுற்றில் தேர்வாகி, பின்னர் என்.எஃப்.எல்.லின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதை மூன்று முறை வென்றார். அந்த அணியினர் எலும்பையும் உயரத்தையும் பார்த்து, இவன் மேல் இன்னும் முப்பது நாற்பது கிலோ ஏற்றலாம், ஏற்றிய பிறகும் கால் ஓடும் என்று கணித்தது மூவர் விஷயத்திலும் சரி. ஒருவருக்கு எந்த இடம் என்பதில் மட்டும் பிழை. ஆக, ஸ்கவுட்டின் கணிப்பில் இரண்டு தனித்தனி ஊகங்கள் இருக்கின்றன: உடல் என்னவாகும், அந்த உடலுக்கு எந்த வேலை பொருந்தும். முதல் ஊகத்துக்கு உடல்வலுக் கூடத்தில் என்ன சாத்தியம், என்ன சாத்தியமில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கூடத்தில் ஒரு பருவமாவது வேலை பார்த்த ஸ்கவுட் இந்த இடத்தில் மற்றவரைவிட ஒரு படி மேலே நிற்பார். மூன்று துறைகளில் இரண்டையாவது கற்றுக்கொள்ளச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இனி எழுதும் முறைக்கு வருவோம், வேலை கிடைப்பதும் கிடைக்காததும் இதில்தான் இருக்கிறது. நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் 2006இல் மாணவர்கள் தொடங்கிய ஹடில் நிறுவனத்தின் தளத்தில் இன்று பெரும்பாலான பள்ளி ஆட்டக்காரர்களின் காணொளித் தொகுப்புகள் கிடைக்கின்றன. ஆனால் தொகுப்பு என்பது அந்தப் பையன் தன்னைப் பற்றி எழுதிய விளம்பரம். அதில் தோற்ற மோதல்கள் இருக்காது. முழு ஆட்டம் பார்க்க வேண்டும். பள்ளி ஆட்டங்களை ஒளிபரப்பும் என்.எஃப்.எச்.எஸ். நெட்வொர்க் போன்ற சேவைகளில் அது கிடைக்கும், சில பள்ளிப் பயிற்சியாளர்கள் கேட்டால் தருவார்கள். பந்து தன் பக்கம் வராத ஆட்டங்களில் அவன் என்ன செய்கிறான், நாலாம் கால்பகுதியில் இடுப்பு எவ்வளவு தாழ்கிறது, தன்னைவிடப் பெரியவன் எதிரே நின்றபோது என்ன ஆயிற்று என்பதெல்லாம் அதில்தான் தெரியும். பள்ளி தரும் உயரமும் எடையும் பெரும்பாலும் உபசாரக் கணக்கு. நாற்பது கஜ ஓட்ட நேரமும் அப்படியே, கையால் அழுத்தும் நிறுத்துகடிகாரத்தில் எடுத்ததாக இருக்கும். அதே மாணவன் தடகளப் போட்டியில் நூறு மீட்டர் ஓடியிருந்தால் மின்னணு நேரம் பொதுவெளியில் கிடக்கும். அதைத் தேடி எடுத்துக் குறிப்பில் சேர்ப்பவர், மற்ற விண்ணப்பங்களிலிருந்து ஒரே வரியில் வேறுபடுவார். மல்யுத்தம், கூடைப்பந்து ஆடியிருக்கிறானா என்பதும் வரிசை ஆட்டக்காரர்கள் விஷயத்தில் முக்கியம், சமநிலையும் கால் நகர்வும் அங்கே வெளிப்படும்.

குறிப்பின் இறுதியில் வருவது கணிப்பு. பெரும்பாலான புதியவர்கள் இங்கேதான் நழுவுகிறார்கள். நல்ல திறமை, கடும் உழைப்பாளி, வளர வாய்ப்புண்டு என்று எழுதினால் அது பொய்யாகவே முடியாது, ஆகவே அதற்கு மதிப்பும் இல்லை. இரண்டாம் ஆண்டில் 130 கிலோ எட்டுவான், இடப்பக்க டாக்கிளாக அல்ல, உள்வரிசையில் கார்டாக ஆடுவான், மூன்றாம் ஆண்டில்தான் தொடக்க அணிக்கு வருவான், இந்தக் கணிப்பில் எனக்குப் பாதிக்குமேல் நம்பிக்கை என்று எழுதினால் அது சோதனைக்கு உட்படும். ஒரு மாநிலத்தின் ஒரு பகுதியையோ ஒரு கீழ்மட்ட லீக்கையோ தேர்ந்தெடுத்து, ஒரே இட ஆட்டக்காரர்களை மட்டும் இப்படி எழுதி, தேதி போட்டு, பிறகு திருத்தாமல் வைத்திருங்கள். இரண்டாண்டு கழித்து எது பலித்தது, எது பொய்த்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். பொய்த்தவற்றையும் சேர்த்து அனுப்பும் கோப்பு, வெற்றிகளை மட்டும் பொறுக்கிய கோப்பைவிட நம்பகமானது. தவறுகளில் ஓர் ஒழுங்கு தெரியும். வேகத்துக்கு மயங்குபவரா, உயரத்துக்கு மயங்குபவரா என்பது உங்களுக்கே அதில் புலப்படும்.

விளையாடாதவருக்கு இதெல்லாம் எப்படி வரும் என்பது மூன்றாவது மறுப்பு. நம் வாசகர்களில் பலரைத் தயங்க வைப்பதும் இதுதான். இதற்கு 1960களிலேயே ஒரு பதில் இருக்கிறது. டாலஸ் கவ்பாய்ஸ் அணியின் மேலாளர் டெக்ஸ் ஷ்ராம், ஆள் தேர்வைக் கணினிக்குக் கொண்டுபோக நினைத்து, ஐ.பி.எம்.மின் துணை நிறுவனம் ஒன்றில் இருந்த சலாம் குரேஷி என்ற புள்ளியியலாளரை நாடினார். குரேஷி இந்தியாவில் பிறந்தவர். கிரிக்கெட் தெரியும், அமெரிக்கக் கால்பந்து அவருக்குப் புதிது. ஸ்கவுட்டுகள் அதுவரை எழுதிவந்த நூற்றுக்கணக்கான பண்புகளை அவர் சில அடிப்படைக் குணங்களாகச் சுருக்கினார். விரைவும் உடல் கட்டுப்பாடும், போட்டி மனப்பான்மை, மன விழிப்பு, வலிமை போன்றவை அவை. எல்லா ஸ்கவுட்டும் ஒரே அளவுகோலில் எண் போடும்படிப் படிவம் அமைத்தார். களத்தில் நின்றவரின் கண்ணுக்கு அவர் மாற்று அல்ல, அந்தக் கண் சொன்னதை ஒப்பிடத்தக்கதாக மாற்றியவர். ஆடிய அனுபவம் உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. குறிப்பாக வரிசை ஆட்டக்காரர்களின் கை வேலையை ஆடியவர்கள் விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் கற்றுக்கொள்ளக்கூடிய கண் அது. ஓர் இடத்தின் நுட்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்க முழு ஆட்டங்கள் பார்ப்பவர், ஆடியவர் பலருக்கும் இல்லாத பொறுமையைச் சேர்த்துக்கொள்கிறார்.

அப்படியானால் கணினியே முழு வேலையையும் செய்துவிடுமே என்று இங்கே ஒருவர் எதிர்ப்பக்கமாக இழுக்கலாம். போர்ட்டலில் இருப்பவர்களைப் பொறுத்தவரை ஓரளவுக்கு அது உண்மை. எஃப்.பி.எஸ். ஆட்டங்களில் ஒவ்வொரு ஆட்டக்காரரின் ஒவ்வொரு நகர்வுக்கும் பி.எஃப்.எஃப். நிறுவனம் மதிப்பெண் போடுகிறது. அங்கே எண் தெரிந்தவருக்கு வேலை நிச்சயம். பள்ளி மாணவர்களிடம் நிலைமை வேறு. ஒரு பருவத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்டம், எதிராளியின் தரம் வாரத்துக்கு வாரம் மாறும், மேடையிலிருந்து நடுங்கும் கையால் எடுத்த காணொளி. இந்தத் தரவில் எந்த நிரலும் தடுமாறும். எண்ணை நம்ப வேண்டிய சந்தை எது, கண்ணை நம்ப வேண்டிய சந்தை எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் இரண்டு பக்கத்தாருக்கும் வேண்டியவராகிறார்.

மேம்பாட்டுத் துறைக்குள் நுழையும் வழி இவற்றைவிடத் தெளிவானது, பொறுப்போ கனமானது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1969இல் பாய்ட் எப்லியை உடல்வலுப் பயிற்சியாளராகச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டதிலிருந்து இது தனித்தொழிலானது. 1978இல் அவர் தொடங்கிய என்.எஸ்.சி.ஏ. அமைப்பு தரும் சி.எஸ்.சி.எஸ். சான்றிதழ்தான் இன்றும் பரவலாகக் கேட்கப்படுவது. அதற்கு இளநிலைப் பட்டம் வேண்டும். கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கென்றே எஸ்.சி.சி.சி. என்ற இன்னொரு சான்றிதழும் உண்டு. காயங்களைக் கவனிக்கும் அத்லெட்டிக் டிரெய்னர் என்பவர் வேறு. அது மருத்துவம் சார்ந்த பணி, முதுநிலைப் படிப்பும் தனித் தேர்வும் தேவை. இந்தத் துறையைப் பற்றி வெளியே பரவியிருக்கும் படம் விசில் ஊதிக் கத்துபவர், வாந்தி எடுக்கும்வரை ஓட வைப்பவர். அந்தப் படத்துக்கு ஆட்டக்காரர்கள் கொடுத்த விலை பெரியது. 2011 ஜனவரியில் அயோவாவில் கடும் குந்துப் பயிற்சிக்குப் பிறகு 13 ஆட்டக்காரர்கள் தசைச் சிதைவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 2018 மே 29 அன்று மேரிலாந்தில் ஓட்டப் பயிற்சியின்போது ஜார்டன் மெக்நேர் என்ற 19 வயது மாணவர் வெப்பத்தாக்கத்தில் வீழ்ந்து, இரண்டு வாரத்தில் இறந்தார். உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தியிருக்க வேண்டும், அது செய்யப்படவில்லை. பல்கலைக்கழகம் பொறுப்பை ஏற்றுக்கொண்டது, தலைமைப் பயிற்சியாளர் பதவி நீக்கப்பட்டார். இந்த இரண்டு நிகழ்வுகளின் விசாரணை அறிக்கைகளையும் படிக்காமல் இந்தத் துறைக்கு விண்ணப்பிக்கக் கூடாது என்பேன். முதலில் குளிர்விப்பது, பிறகு ஆம்புலன்ஸ் என்ற வரிசை உறக்கத்திலும் மனதில் இருக்க வேண்டும். நேர்காணலில் எவ்வளவு எடை ஏற்ற வைத்தீர்கள் என்பதைவிட, எப்போது பயிற்சியை நிறுத்தினீர்கள் என்பதற்கு நல்ல பதில் வைத்திருப்பவரை அமர்த்துவதே அறிவுள்ள துறை.

ஆள்சேர்ப்பின் உபசரிப்புப் பகுதி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வருகை தரும் குடும்பங்களுக்கு நேர அட்டவணை, உணவு, தங்குமிடம், படப்பிடிப்பு ஆகிய அனைத்தும் கல்யாண வீட்டு மேற்பார்வை போன்ற வேலை. அதில் திறமை காட்டும் பெண்களை அங்கேயே நிறுத்திவைத்து மதிப்பீட்டு அறைக்கு அனுப்பாத பழக்கம் பல அணிகளில் உண்டு. நுழையும்போதே மதிப்பீட்டிலும் பங்கு கேட்பது நல்லது. இந்தப் பகுதியில் முக்கியமானது விதிப் புத்தகம். ஆண்டு முழுவதும் தொடர்புக் காலம், மதிப்பீட்டுக் காலம், அமைதிக் காலம், முற்றிலும் சந்திக்கக் கூடாத காலம் என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மாணவருக்கு அவரது பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1க்கு முன் ஆள்சேர்ப்புக் குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது. 2024இல் களப்பயிற்சி தரும் ஊழியர் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு நீக்கப்பட்டபோதுகூட, வளாகத்துக்கு வெளியே போய் ஆள் தேடும் உரிமை தலைமைப் பயிற்சியாளருக்கும் பத்து துணைப் பயிற்சியாளருக்கும் மட்டுமே இருந்தது. தேர்வு அலுவலகத்தின் புதியவர் ஊர் ஊராகப் போகலாம் என்று கனவு காண வேண்டாம், அவருக்கு உலகம் திரைக்குள்தான். விதியை மீறினால் தண்டனை மேலே இருப்பவரோடு நிற்காது. டென்னசி பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கணக்கான விதிமீறல்கள் வெளிவந்து 2023இல் 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டபோது, ஆள்சேர்ப்பு அலுவலக ஊழியர்களும் பல ஆண்டுகளுக்கு வேறு கல்லூரி எளிதில் சேர்த்துக்கொள்ள முடியாதபடி தண்டனை பெற்றார்கள்.

கடைசி மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சம்பளமில்லாத, அல்லது சொற்பச் சம்பளத்துக்கான வேலையில் தொடங்கி, பயிற்சியாளர் நீக்கப்பட்டால் அலுவலகமே காலியாகும் தொழிலில் ஒருவர் ஏன் இளமையைப் போட வேண்டும்? இது நியாயமான கேள்வி. இலவச உழைப்பின் மேல் இந்தத் துறை நெடுங்காலம் நிற்கிறது, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே அது கட்டுப்படியாகிறது. சேதத்தைக் குறைக்க ஒரு வழியுண்டு. புகழ்பெற்ற அணியில் கோப்பு அடுக்கும் நாற்பதாவது ஆளாக இருப்பதைவிட, எஃப்.சி.எஸ்., இரண்டாம் பிரிவு போன்ற சிறிய அணிகளில் மதிப்பீடு, வருகை ஏற்பாடு, எண் வேலை எல்லாவற்றையும் ஒருவரே செய்யும் இடம் மேல். அங்கே உங்கள் கணிப்பின்மீது உண்மையிலேயே முடிவெடுப்பார்கள். பயிற்சியாளர் மாறும் காலத்தில் வேலை தேடுவோர் கூடும் பயிற்சியாளர் சங்கமான ஏ.எஃப்.சி.ஏ.வின் ஜனவரி மாத மாநாட்டுக்குப் போகும்போது கையில் காட்ட ஏதாவது இருக்கும். மூன்று பருவத்துக்குள் சம்பளமுள்ள முழுநேர வேலை வராவிட்டால் விலகுவது என்று தொடக்கத்திலேயே முடிவுசெய்து கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகும் மாணவருக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. எஃப்-1 விசாவில் இருப்பவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை தன் பல்கலைக்கழக வளாகத்தில் வேலை செய்யலாம். எனவே எந்த அணியில் மாணவர் உதவியாளராகச் சேர விரும்புகிறாரோ அந்தப் பல்கலைக்கழகத்திலேயே படிப்பது வசதி. ஆட்ட வாரங்களில் கேட்கப்படும் கூடுதல் நேரம் அந்த வரம்பைத் தாண்டக் கூடாது. ஓகையோ பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கியது போன்ற விளையாட்டு நிர்வாக முதுநிலைப் படிப்புகள் மதிப்புள்ளவை. ஆனால் படிப்பு முடிந்தபின் வேலை செய்ய அவை பொதுவாக 12 மாத அனுமதியே தரும். புள்ளியியல், கணினி அறிவியல் போன்ற பட்டங்களுக்கு மேலும் 24 மாதம் கிடைக்கும். மதிப்பீட்டில் ஒருவர் தன்னை நிரூபிக்க எடுக்கும் காலம் கிட்டத்தட்ட அதுவே என்பதால், புள்ளியியல் படித்துக்கொண்டு கால்பந்து அலுவலகத்தில் பகுதிநேரம் வேலை செய்வதே பெரும்பாலோருக்குப் பொருத்தம். பல்கலைக்கழகங்களின் எச்-1பி வேலை விசா மனுக்களுக்கு ஆண்டு உச்சவரம்பும் குலுக்கலும் கிடையாது. ஆனால் 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட ஒரு லட்சம் டாலர் கட்டணம், நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய மனுக்களுக்குப் பொருந்துவதால், அனுமதிக் காலம் முடிந்து ஊர் திரும்பிய ஓர் இளநிலை ஸ்கவுட்டை எந்த அணியும் அவ்வளவு செலவில் திரும்ப அழைக்காது. சம்பளமில்லாத பயிற்சி வேலை எதையும் ஏற்பதற்கு முன், அணியின் ஆளிடம் கேட்காமல் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.